எப்பவாவது பிரேக் பிடிக்காத வண்டி

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்த விஷயம். ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதனால தள்ளிப்போயிடுச்சு. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, கரண்டும் இருக்கு, எழுதிடறேன். கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க மக்களே.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) மதுக்கரையில ஒரு பிக்கப் வெச்சிருக்காரு. 2011 மாடல். எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, தப்பு கம்பெனி மேல இல்ல. கிணத்துக்கடவு மார்க்கெட்டுக்குத் தக்காளி, பாலக்காட்டுக்குக் காய்கறி, நடுவுல யாராச்சும் கூப்பிட்டா வீடு மாத்துற சாமான். வண்டி ஓடுனாத்தான் அடுப்பு எரியும்.

அந்த வண்டிக்கு ஒரு வியாதி. பிரேக் பிடிக்கும். நல்லாவே பிடிக்கும். ஆனா எப்பவாவது ஒரு தடவ, பெடலை மிதிச்சா கால் கீழே வரைக்கும் போயிடும். பதறிப்போய் ரெண்டாவது தடவ மிதிச்சா கல்லு மாதிரி நிக்கும். அப்புறம் நாலஞ்சு நாளைக்கு ஒண்ணுமே இருக்காது.

மாமா எங்கிட்ட முதல் தடவ சொன்னப்ப நான் சொன்ன பதில், "ஏனுங் மாமா, கால் சரியா வெச்சிருக்க மாட்டீங்க. செருப்பு வழுக்கிருக்கும்." இத இங்க எழுதறதுக்கே கூச்சமா இருக்கு. இருபது வருஷமா ஸ்டீயரிங் பிடிக்கிறவர் கிட்ட, வாரத்துக்கு ஒரு தடவ கார் ஓட்டுற நான் சொன்னேன் பாருங்க!

மெக்கானிக் அண்ணாவும் கிட்டத்தட்ட அதேதான் சொன்னாரு. மாமா வண்டியக் கொண்டுபோய் விடுவாரு. அண்ணா நாலு தடவ மிதிச்சுப் பாப்பாரு, மெயின் ரோட்டுல ஒரு ரவுண்டு போய்ட்டு வருவாரு. "நல்லாத்தானுங்ணா இருக்குது." மாமா மறுபடியும் சொல்லச்சொல்ல, சரி எதுக்கும் மாஸ்டர் சிலிண்டர் கிட் மாத்திடலாம்னு மாத்துனாரு. ஒரு வாரம் ஒண்ணுமில்ல. அப்புறம் திரும்ப வந்துச்சு. மாஸ்டர் சிலிண்டரையே முழுசா மாத்துனாங்க. மறுபடி சில நாள் அமைதி, மறுபடி வந்துச்சு. அடுத்து பூஸ்டர், பழைய சாமான் கடையில எடுத்தது. பின்னாடி டிரம் ஷூ டைட் பண்ணி, ஏர் எடுத்து, ஆயில் மாத்தி... மொத்தம் பதினோராயிரத்துச் சொச்சம். வண்டி நின்ன நாளோட வாடகைய இதுல சேக்கல.

ஒரு நாள் சாயங்காலம் பைபாஸ். நீலாம்பூர்ல இருந்து மதுக்கரை வரைக்கும் 28 கிலோமீட்டர், எதிரும் புதிருமா வண்டி வர்ற அந்த ரோட்டப் பத்தி கோயமுத்தூர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. மாமாவுக்கு முன்னாடி ஒரு ஸ்கூட்டர், புருஷன் பொண்டாட்டி, நடுவுல ஒரு கொழந்த. ஸ்கூட்டர் திடீர்னு வேகத்தக் கொறச்சுது. மாமா மிதிச்சாரு. கால் கீழே போச்சு. ரெண்டாவது தடவ மிதிக்கிறதுக்குள்ள ஸ்டீயரிங்க ஒடிச்சு மண்ணுல எறக்கிட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. தக்காளிக் கூடை மட்டும் நாலு சாஞ்சுது. ஸ்கூட்டர்காரர் திரும்பிக்கூடப் பாக்காம போய்ட்டாரு. அவருக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

அன்னிக்கு ராத்திரி மாமா எங்க வீட்டுக்கு வந்தாரு. திண்ணையில உக்காந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னாரு, "மாப்ளை, பிரேக் போறதுகூடப் பரவால்லடா. போச்சுன்னு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறீங்க பாரு, அதான் தாங்க முடியல."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா இதே வேலையத்தான் நான் சரவணம்பட்டியில சம்பளம் வாங்கிட்டு செய்யறேன். கஸ்டமர் "எப்பவாவது ஒரு தடவ ஸ்க்ரீன் தொங்குது"ன்னு டிக்கெட் போடுவாரு. நாங்க ஓட்டிப் பாப்போம், தொங்காது. "எங்க கிட்ட வரல"ன்னு எழுதி மூடிடுவோம். மெக்கானிக் அண்ணாவோட "நல்லாத்தானுங்ணா இருக்குது"வும் இதுவும் ஒண்ணுதான். வித்தியாசம், எங்க ஸ்க்ரீனுக்கு முன்னாடி ஸ்கூட்டர்ல கொழந்த போறதில்ல.

இந்த மாதிரி பூச்சிகளுக்கு எங்க தொழில்ல ஒரு பேரே இருக்கு. ஹைசன்பக். பாக்கப்போனா காணாமப்போற பூச்சி. ஜிம் கிரே 1985ல கம்ப்யூட்டர் ஏன் நின்னுபோகுதுன்னு எழுதின அறிக்கையில இதப்பத்திப் பேசியிருப்பாரு. அவரு அப்ப வேலை பாத்த கம்பெனி பேரு டாண்டம். வண்டியில இருக்கற மாஸ்டர் சிலிண்டரும் டாண்டம்தான்! ரெண்டு இடத்துலயும் ஐடியா ஒண்ணு. ஒரு பாதி போனா இன்னொரு பாதி காப்பாத்தணும். (படிச்சது மெக்கானிக்கல், பாக்கறது சாஃப்ட்வேர். இந்த மாதிரி ஜோக்குக்கு நான் மட்டும்தான் சிரிப்பேன் :-) )

அடுத்த நாள் வண்டிய நிறுத்திட்டோம். இது முக்கியம். பிரேக் மேல சந்தேகம் வந்தா ஓட்டிக்கிட்டே கண்டுபிடிக்கக் கூடாது. மாமா மொனகினாரு, ரெண்டு லோடு போச்சுன்னு. ஆனா நிறுத்திட்டாரு.

என்ன பண்ணினோம்னா, மாமா கிட்ட ஒரு லோடு நோட்டு இருக்கு. தேதி, எங்க ஏத்துனது, எங்க எறக்குனது, வாடகை, டீசல், எல்லாம் எழுதி வெச்சிருப்பாரு. அத எடுத்து ரெண்டு மாசத்த வரிசையாப் பாத்தோம். 50 நடை. "எந்தெந்த நடையில பெடல் கீழ போச்சு மாமா?"ன்னு ஒவ்வொண்ணாக் கேட்டேன். 9 ஞாபகம் இருந்துச்சு. பயந்தது யாருக்கும் மறக்காதுங்களே.

அப்புறம் கேள்விகள். மலை எறங்கறப்பவா? இல்ல. வண்டி சூடாகி ரொம்ப தூரம் ஓடினப்புறமா? சிலது காலையில முதல் நடையில. லோடு இருந்துச்சா? காலி வண்டியிலயும் நடந்திருக்கு. மழை? சம்பந்தமில்ல. பெடல் மெதுவா எறங்குச்சா, சட்டுனு போச்சா? சட்டுனு. ரெண்டாவது மிதியில? ஒவ்வொரு தடவையும் சரியாப் பிடிச்சுது. பெடல் எப்பவாச்சும் கல்லு மாதிரி இறுகி, எறங்கவே மாட்டேன்னுச்சா? ஒரு நாளும் இல்ல.

இந்தப் பதில்கள்லயே பாதி சந்தேகம் கழிஞ்சுபோகும். எப்படின்னு சொல்றேன், வண்டி வெச்சிருக்கறவங்க கொஞ்சம் கவனிங்க.

பிரேக் ஆயில் பழசாகி தண்ணி சேந்திருந்தா, நீளமா மலை எறங்கறப்பத்தான் காட்டும். டாட் 3 ஆயில் புதுசா இருக்கறப்ப குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் கொதிக்கக் கூடாதுன்னு தரம். தண்ணிய உறிஞ்சினப்புறம் அந்த அளவு 140 டிகிரிக்கு எறங்கிடும். வால்பாறையில இருந்து ஆழியாருக்கு 40 கொண்டை ஊசி வளைவு, பிரேக்க மிதிச்சுக்கிட்டே எறங்கினா ஆயில் கொதிச்சு உள்ள ஆவியாயிடும். ஆவியத்தான் அமுக்க முடியுமே, பெடல் பஞ்சு மாதிரிப் போகும். ஆறினா சரியாயிடும். மாமா வண்டி சமவெளியில, காலையிலயே இப்படிப் பண்ணுது. அதனால இது இல்ல.

மாஸ்டர் சிலிண்டர் உள்ள கப் வாஷர் தேஞ்சிருந்தா, சிக்னல்ல லேசா மிதிச்சுட்டு நிக்கறப்ப பெடல் மெதுவா கீழ எறங்கிட்டே போகும். இங்க அப்படியும் இல்ல.

பூஸ்டரோ வாக்குவமோ போச்சுன்னா பெடல் இறுகும், எறங்காது. இதுக்கு ஒரு ஈஸி டெஸ்ட் இருக்கு. இன்ஜின ஆஃப் பண்ணிட்டு அஞ்சாறு தடவ மிதிச்சு, மிதிச்ச காலை எடுக்காம ஸ்டார்ட் பண்ணணும். பெடல் லேசா உள்ள எறங்கினா பூஸ்டர் வேலை செய்யுதுன்னு அர்த்தம். இந்த அரை நிமிஷ டெஸ்ட்ட யாராச்சும் பண்ணியிருந்தா பூஸ்டர் காசு மிச்சம்.

பின்னாடி டிரம் ஷூ லூசா இருந்தாலும் முதல் மிதி கீழ போய் ரெண்டாவது மிதி மேல நிக்கும். இதுலதான் எல்லாரும் ஏமாறுவாங்க. ஆனா அது எப்பவுமே அப்படி இருக்கும். வாரத்துக்கு ஒரு தடவ மட்டும் லூசாக ஷூவுக்கு என்ன வேண்டுதலா?

அப்ப மிச்சம் என்ன? நோட்டத் திரும்பப் பாத்தேன். 9 நடையில 8, தோட்டத்துல நேராப் போய் ஏத்துனது. அதாவது இட்டேரி வழியா வெளிய வந்த நடை. கொங்கு நாட்டுக்காரங்களுக்கு இட்டேரின்னா தெரியும். ரெண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவுல கல்லும் குழியும். எங்க ஊர்ப்பக்கம் சுண்ணாம்புக்கல் வேற, கேக்கணுமா! அப்படிப்பட்ட நடை மொத்தம் 20 இருந்துச்சு. மத்த 30 நடை குடோன்ல இருந்து மார்க்கெட், தார் ரோடு. அதுல ஒண்ணே ஒண்ணுதான், அந்த பைபாஸ். "அன்னிக்கு அதுக்கு முன்னால ஏதாச்சும் குழியில விட்டீங்களா மாமா?" யோசிச்சாரு. "ஆமாண்டா, மேல வர்றப்ப ஒரு பெரிய குழி. தூக்கிப் போட்டுச்சு."

அங்கதான் முடிச்சு அவிழ்ந்துச்சு.

முன் சக்கரத்துல டிஸ்க். டிஸ்குக்கு ரெண்டு பக்கமும் பேடு. பிரேக்க விட்டா பேடு டிஸ்க்க விட்டு ஒரு மயிரிழை அளவுதான் தள்ளி நிக்கணும். ஆனா சக்கரத்தோட பேரிங் லூசா இருந்தா, குழியில ஆடறப்ப டிஸ்க்கும் சேந்து ஆடும். ஆடிக்கிட்டே பேடையும் பிஸ்டனையும் உள்ள தள்ளி விட்டுடும். அடுத்து முதல் தடவ மிதிக்கிறப்ப, ஆயில் எல்லாம் அந்த இடைவெளிய நெரப்பறதுக்கே போயிடும், பெடல் கீழ போகும். ரெண்டாவது மிதியில பேடு திரும்ப ஒட்டிக்கிட்டு இருக்கும், சும்மா கிண்ணுனு பிடிக்கும்.

இப்ப யோசிங்க. மெக்கானிக் கடைக்கு வர்ற வழியில மாமா பத்து தடவ பிரேக் மிதிச்சிருப்பாரு. பேடு எல்லாம் அதது இடத்துல. அண்ணா நின்ன இடத்துல மிதிக்கிறாரு, சூப்பர். தார் ரோட்டுல ஓட்டறாரு, சூப்பர். மருத்துவர் கிட்ட போனதும் காய்ச்சல் விட்டுப்போற மாதிரி. எஃப்சிக்குப் போனாலும் இதே கதைதான். பழைய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்சி உண்டு. 8 வருஷம் தாண்டின டிரான்ஸ்போர்ட் வண்டிக்கு ஒரு வருஷத்துக்குத்தான் குடுப்பாங்க. ஆனா அது அன்னிக்கு, அந்த நிமிஷத்துல பிரேக் பிடிக்குதான்னு காட்டும். அடுத்த குழிக்கு அப்புறம் பிடிக்குமான்னு காட்டாது.

ஜாக்கி வெச்சுத் தூக்கினோம். டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா கடக் கடக்னு சத்தம், இடது பக்கம். மாமாவ உள்ள உக்காந்து பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டினேன். ஆட்டம் நின்னுபோச்சு. இது ஒரு நல்ல டெஸ்ட். பிரேக் மிதிச்சா ஆட்டம் நின்னா பேரிங், அப்பவும் ஆடினா பால் ஜாயிண்ட் பக்கம் பாக்கணும்.

அதோட நிறுத்தல. எங்க தொழில்ல ஒரு பழக்கம், தப்ப வரவழைச்சுக் காட்டணும். அப்பத்தான் சரி பண்ணினது உண்மையான்னு தெரியும். அறுவடை முடிஞ்ச எங்க காட்டுல, சுத்தி ஆள் இல்லாம, நடக்கற வேகத்துக்குக் கொஞ்சம் மேல, ஹேண்ட் பிரேக்க எங் கையில வெச்சுக்கிட்டு, மேடு பள்ளத்துல ஓட்டி ஓட்டி மிதிச்சுப் பாத்தோம். 10 தடவையில 4 தடவ பெடல் கீழ போச்சு. மாமா மொகத்துல அப்படி ஒரு சந்தோஷம். பிரேக் போனதுக்கு சந்தோஷப்பட்ட ஒரே மனுஷன் அவராத்தான் இருப்பாரு. "பாத்தியா? பாத்தியா?"ன்னாரு.

மெக்கானிக் அண்ணாவைக் காட்டுக்கே கூட்டிட்டு வந்து காட்டினோம். ஒரு தடவ ஓட்டினாரு, கீழ எறங்கினாரு, தலையச் சொறிஞ்சாரு. ஹப்பக் கழட்டினா பேரிங் தேஞ்சு, நட்டும் தளந்து கெடந்துச்சு. ரெண்டு பக்கமும் புது பேரிங், கிரீஸ், கூலி எல்லாம் சேத்து மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சுது. அப்புறம் அதே காட்டுல 20 தடவ. ஒரு தடவகூட பெடல் போகல.

இந்த 20 தடவைக்கு ஒரு கணக்கு இருக்கு. கணக்கு புடிக்காதவங்க அடுத்த பத்திக்குப் போயிடுங்க. 50 நடைக்கு 9 தடவைன்னா ஒரு நடையில தப்பு வர்ற வாய்ப்பு நூத்துக்கு 18. எதையுமே சரி பண்ணாம சும்மா விட்டாலும், அடுத்த 3 நடை ஒண்ணுமில்லாம போக நூத்துக்கு 55 வாய்ப்பு இருக்கு. அதாவது கிட் மாத்தி 3 நாள் நல்லா இருந்ததுக்கும் காசு சுண்டிப் பாத்ததுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. ஆனா 10க்கு 4 தப்பு வர்ற இடத்துல, சரியாகாத வண்டி 20 தடவ தொடர்ந்து தப்பிக்க வாய்ப்பு 27 ஆயிரத்துல ஒண்ணு. அதனாலதான் "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க" ஒரு டெஸ்ட்டே இல்லைங்கறேன். தப்பு எங்க வருதோ அங்க கொண்டுபோய் ஓட்டணும்.

சரி, இப்ப என் கருத்து. இதுக்குத்தான் இவ்ளோ பில்டப்பு.

மெக்கானிக் அண்ணா ஏமாத்தினாருன்னு நிறைய பேர் சொல்வீங்க. நான் அப்படி நெனைக்கல. அவர் பொழப்ப யோசிச்சுப் பாருங்க. மூணு மணி நேரம் கேள்வி கேட்டு, ஜாக்கி வெச்சு ஆட்டிப் பாத்து, "ஒண்ணும் மாத்த வேண்டாம், நட்ட டைட் பண்ணிட்டேன், ஆயிரம் ரூவா குடுங்க"ன்னா நம்ம குடுப்பமா? "சும்மா பாத்ததுக்கு ஆயிரமா?"ம்போம். அதே மூவாயிரத்துக்கு ஒரு சாமானக் கையில காட்டி மாத்தினா பேசாமக் குடுப்போம். நாமதான் சாமானுக்குக் காசு, மூளைக்குக் காசு இல்லன்னு பழக்கி வெச்சிருக்கோம். சாஃப்ட்வேர்ல பாருங்க, "அனாலிசிஸ்"னு போட்டு ரெண்டு வாரத்துக்கு பில் அடிக்கிறோம், கஸ்டமர் வாயத் தொறக்காம கட்டறான். காரமடையிலயும் பொள்ளாச்சியிலயும் கையெல்லாம் கிரீஸோட நிக்கற மனுஷனுக்கு மட்டும் அது கெடையாதா? பிரேக் மாதிரி விஷயத்துல பாக்கறதுக்குன்னு தனியாக் காசு குடுக்கணும், கேட்டுக் குடுக்கணும். கணக்குப் பாத்தா அதுதான் மலிவு.

ரெண்டாவது, ஓட்டறவன் சொல்றத நம்பணும். இது ஏதோ மதுக்கரை சமாச்சாரம்னு நெனைக்காதீங்க. 2010 பிப்ரவரியில டொயோட்டா, பிரியஸ் உள்பட ஹைபிரிட் கார்கள், உலகம் பூரா 4 லட்சத்து 37 ஆயிரம் வண்டிகளத் திரும்பக் கூப்பிட்டுது. என்ன புகார் தெரியுமா? குண்டும் குழியுமான ரோட்டுல, வழுக்கற ரோட்டுல, ஒரு நொடி பிரேக் பிடிக்காத மாதிரி இருக்குன்னு. அமெரிக்காவுல நூத்துக்கும் மேல புகார் போய், அரசாங்கம் விசாரணை ஆரம்பிச்சு, கடைசியில ஏபிஎஸ் சாஃப்ட்வேர மாத்திக் குடுத்தாங்க. காரணம் வேற, கதை அதே கதை. குழி, ஒரு நொடி, அப்புறம் எல்லாம் சரி. அங்க நூறு பேர் ஒரே இடத்துல புகார் எழுதினதால ஒரு கம்பெனி கேட்டுச்சு. எங்க மாமா ஒத்த ஆளு. அவருக்கு லோடு நோட்டுதான் சாட்சி.

மூணாவது, "பழைய வண்டிதானே, வித்துத் தொலைச்சுட்டு புதுசு வாங்க வேண்டியதுதானே"ன்னு சொல்றவங்களுக்கு. மாசாமாசம் தவணை யார் கட்டறது சாமி? அது போக, இங்க தப்பு வயசுல இல்ல, ஒரு பேரிங்கும் நட்டும். புது வண்டியிலயும் பேரிங் இருக்கு, நட்டும் இருக்கு.

கடைசியா, பிரேக்குல "எப்பவாவது"ங்கற வார்த்தைக்கு எடமே இல்ல. எப்பவுமே பிடிக்காத பிரேக்க எவனும் ரோட்டுல கொண்டுவர மாட்டான், அதனால அதுல அவ்ளோ ஆபத்து இல்ல. நூறு தடவ பிடிச்சு நம்மள நம்ப வெச்சு, நூத்தி ஒண்ணாவது தடவ காலை வார்றதுதான் ஆளக் கொல்லும்.

அதனால ஒரு விண்ணப்பம். வண்டியில ஒரு நாலு ரூவா நோட்டு வெச்சுக்கங்க. பெடல் ஒரு தடவ வித்தியாசமா இருந்தாலும் ஓரங்கட்டி எழுதுங்க. எங்க, எப்ப, அதுக்கு முன்னால என்ன ரோடு, எத்தனாவது மிதி, பெடல் இறுகுச்சா எறங்குச்சா. எழுதிட்டு வண்டிய நேரா மெக்கானிக் கிட்ட கொண்டுபோங்க. "பிரேக் சரியில்லீங்ணா"ன்னு மட்டும் சொன்னா அவருக்கும் ஒண்ணும் புரியாது, இந்த நோட்டக் காட்டினா பாதி வேலை முடிஞ்சிரும்.

நான் என்ன மாத்திக்கிட்டேன்னு கேட்டா, ஆபீஸ்ல இப்பல்லாம் "எங்க கிட்ட வரல"ன்னு டிக்கெட்ட மூடறதில்ல. கஸ்டமருக்கு போன் போட்டு "அதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"ன்னு கேக்கறேன். மேனேஜருக்கு அவ்வளவாப் புடிக்கல. பரவால்ல.

மாமா பழையபடி கிணத்துக்கடவு போய்ட்டிருக்காரு. அந்தப் பழைய மாஸ்டர் சிலிண்டர எடுத்து வந்து எங்க வீட்டு ஜன்னல்ல வெச்சிருக்கேன். ஒரு கொறையும் இல்லாத சிலிண்டர். செருப்பு மேல பழி போட்ட என் புத்திக்கு ஞாபகார்த்தம்.

பி.கு: இதப் படிச்சுட்டு நீங்களே ஹப்பக் கழட்டிடாதீங்க. ஆட்டிப் பாக்கறது நீங்க, கழட்டறது தெரிஞ்சவங்க. ஜாக்கி மட்டும் வெச்சுட்டு வண்டிக்கு அடியில தலைய விடாதீங்க, ஸ்டேண்டு குடுங்க, எதிர் சக்கரத்துக்குக் கல்லு வைங்க.